ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரும் ஒரு முழ நரம்பும்

வலையின் கிழிசலைச் சரிபார்த்து மடித்து வைத்துவிட்டுப் பழவேற்காட்டிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கும், பொன்னேரி, மீஞ்சூர், ஆரம்பாக்கம் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களுக்கும், சிப்காட்டில் முதல் ஷிஃப்ட் முடித்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து பின்வரிசையில் நிற்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

இன்றைய பேச்சின் பொருளை விரலிடுக்கில் வைத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் கனம்கூடத் தேறாது. தூண்டில் நரம்பு. அதில் எத்தனை வகை? கையில் இருப்பது எந்த வகை? கடைக்காரர் சொன்னதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா? இவ்வளவுதான் பொருள். இதற்கு ஒரு மேடையா, ஒலிபெருக்கியா என்று யாருக்காவது தோன்றினால், அவர் இதுவரை முகத்துவாரத்தில் ஒரு கொடுவாவை முக்கால் தூரம் இழுத்து வந்து, கடைசியில் அறுந்த நரம்பை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றதில்லை என்று அர்த்தம்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். யாழில் கட்டியது நரம்பு. உடம்பில் ஓடுவது நரம்பு. இலையில் கிளை பிரிவதும் நரம்பு. மெல்லியது, ஆனால் சட்டென்று அறாதது. இழுத்துப் பிடித்தால் அதிர்வது. அப்படிப்பட்ட எல்லாவற்றுக்கும் தமிழில் இந்த ஒரு பெயர் போதுமாக இருந்தது. நைலான் இழை கரைக்கு வந்தபோது குப்பத்துக்காரர்கள் அகராதியைத் தேடி ஓடவில்லை. விரலில் சுற்றினார்கள், இழுத்துப் பார்த்தார்கள், 'நரம்பு' என்றார்கள். முடிந்தது பெயர் சூட்டு விழா. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும், இதே இழை 'தங்கூசி'. சிங்களத்தில் 'தங்குஸ்'. மலாயில் தூண்டில் இழைக்குத் 'தாங்சி'. பிலிப்பைன்ஸில் 'தான்சி'. ஜப்பானில், பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்து நீட்டி இழுத்த பழைய தூண்டில் இழைக்குத் 'தெகுசு'. கீழைக் கடலோரத்தை நடந்துகொண்டே கேட்டால் ஒரே ஒலி திரும்பத் திரும்பக் காதில் விழும்.

பெயர் அழகுதான். சிக்கலும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஏனென்றால் இன்றைக்குக் கடையில் போய் "நரம்பு குடுங்க" என்று கேட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எது வேண்டுமானாலும் வெளியே வரலாம். நைலான் வரலாம். நைலானைவிட நாலைந்து மடங்கு விலை சொல்லும் ஃப்ளூரோகார்பன் வரலாம். பச்சை நிறத்தில் பின்னல் இழை வரலாம். அட்டையில் ஃப்ளூரோகார்பன் என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் 'கோட்டிங்' என்றும் போட்ட சாதாரண நைலானும் வரலாம். எல்லாம் நரம்பு. எல்லாம் சுருள். எல்லாம் பளபளப்பு. எதை நம்புவது?

இந்தக் குழப்பம் நம் தாத்தாக்களுக்கு இல்லை. அவர்களுக்கு இருந்தது பருத்தியும் சணப்பும். நனைந்தால் கனக்கும், உலர்த்தாமல் குவித்துப் போட்டால் மட்கும். அதனால்தான் அன்றைய குப்பங்களில் கடலுக்குப் போகிற நேரத்துக்குச் சமமாக வலையைக் காயவைக்கிற நேரமும் இருந்தது. மரப்பட்டையை ஊறவைத்துக் காய்ச்சிய சாற்றில் வலையை முக்கி எடுத்துத் துவர் ஏற்றினால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். வலை நெய்கிறவனுக்குப் பட்டையைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் வந்தது நைலான். 1935 பிப்ரவரி 28 அன்று, அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவின் கையில் பிறந்தது நைலான் 66. அவர் 1937-லேயே இறந்துவிட்டார். தன் கண்டுபிடிப்பு கடைக்கு வந்ததைப் பார்க்கவில்லை. 1938-ல் அது முதன்முதலில் எந்த உருவத்தில் விற்பனைக்கு வந்தது தெரியுமா? பெண்கள் அணியும் காலுறை என்றுதான் பலரும் சொல்வார்கள். இல்லை. பல் துலக்கும் பிரஷ்ஷின் மயிர். ஒற்றை இழையாக, வழவழப்பாக, தடியாக இழுத்த நைலான். அதாவது நம் தூண்டில் நரம்பின் கூடப்பிறந்த அக்காள் குளியலறையில் இருக்கிறாள்.

அதே 1938-ல் ஜெர்மனியில் பால் ஷ்லாக் என்ற வேதியியலாளர் கேப்ரோலாக்டம் என்ற ஒரே பொருளிலிருந்து இன்னொரு நைலானைச் செய்தார். அது நைலான் 6. இது நமக்குத் தூரத்து உறவு அல்ல. மணலியில் எஸ்.ஆர்.எஃப். ஆலை 1970-களிலிருந்து லாரி டயருக்குள் வைக்கும் டயர் கார்டு துணியைச் செய்வது இந்த நைலான் 6 இழையில்தான். கும்மிடிப்பூண்டியிலும் அந்த நிறுவனத்துக்கு ஆலை இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் கல்கத்தா நோக்கிப் போகும் லாரியின் டயருக்குள் இருக்கும் இழையும், பழவேற்காட்டில் மடவைக்குப் போடும் நரம்பு வலையும் வேதியியல் கணக்கில் ஒரே குடும்பம். அங்கே நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். இங்கே ஒரே ஒரு தடித்த இழை. வித்தியாசம் அவ்வளவே.

இங்கேதான் முதல் பாகுபாடு பிறக்கிறது. ஒற்றை இழையா, கூட்டு இழையா? இதற்குக் கருவி வேண்டாம். ஒரு விரற்கடை நீளம் வெட்டுங்கள். வெட்டிய முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் திருகுங்கள். முனை பிரிந்து பூப்போல விரிந்தால் கூட்டு இழை. என்ன திருகினாலும் ஊசி முனையாகவே நின்றால் ஒற்றை இழை. வலைக்கார வீட்டுக் குழந்தைகூட இதைச் செய்யும். ஆனால் இந்தச் சோதனை பாதிக் கதையைத்தான் சொல்லும். இழையின் கட்டமைப்பைச் சொல்லும், பொருளைச் சொல்லாது. நைலானிலும் ஒற்றை இழை உண்டு. ஃப்ளூரோகார்பனிலும் ஒற்றை இழைதான். நைலானிலும் கூட்டு இழை உண்டு, பாலியெத்திலீனிலும் உண்டு, பாலியெஸ்டரிலும் உண்டு. பொருளை யார் சொல்வது?

தண்ணீர் சொல்லும். நம் ஊர்த் தண்ணீரும் நம் ஊர் உப்பும் சொல்லும்.

நல்ல தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்துக்கொண்டால் பாலியெத்திலீன் சுமார் 0.95. மீன்பிடிப் பின்னல் இழையில் வரும் உயர்வகைப் பாலியெத்திலீன் 0.97. நைலான் 1.14. பாலியெஸ்டர் 1.38. ஃப்ளூரோகார்பன் 1.78. இந்த ஐந்து எண்களையும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு டம்ளர் எடுத்தால் போதும். முதல் டம்ளரில் நல்ல தண்ணீர். நரம்பில் சிறு துண்டு வெட்டி, விரலில் கொஞ்சம் சோப்பு நுரை தொட்டுத் தடவி, தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். சோப்பு எதற்கு? தண்ணீரின் மேல்தோல் மெல்லிய இழையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும்; இரும்பு ஊசியே மிதக்கிறதில்லையா? பின்னல் இழையாக இருந்தால் அதன் இடுக்கில் காற்றும் ஒளிந்திருக்கும். நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றிய பிறகும் அது மேலே வந்தால் பாலியெத்திலீன் வகை. அதன் கதை அங்கேயே முடிந்தது.

அடியில் போய் உட்கார்ந்தால்? நைலானும் அடியில் போகும், ஃப்ளூரோகார்பனும் அடியில் போகும். ஒன்று மெதுவாக, இன்னொன்று விரைவாக என்று சிலர் சொல்வார்கள். பக்கத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் அது சரி. ஒரே ஒரு நரம்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மெதுவா, விரைவா என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது?

அதற்குத்தான் இரண்டாவது டம்ளர். அத்திப்பட்டு, வல்லூர் பக்கத்தில் உப்பளம் விரிந்திருந்த காலத்தைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பார்கள். இன்றைக்கு அந்தத் திசையில் புகைபோக்கிகள்தான் கண்ணில் படும். உப்பளத்தில் பாத்தித் தண்ணீர் எப்போது உப்பாகும்? இனிமேல் கரைக்க முடியாது என்ற அளவுக்கு உப்பு ஏறிய பிறகு. அந்தத் தண்ணீரை வீட்டிலேயே செய்யலாம். 200 மில்லி தண்ணீரில் 70 கிராமுக்குக் குறையாமல் கல்லுப்பு போட்டு, அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கும் வரை கலக்குங்கள். இப்போது அந்தத் தண்ணீரின் அடர்த்தி சுமார் 1.2. நைலான் 1.14 அல்லவா? மிதக்கும். ஃப்ளூரோகார்பன் 1.78 அல்லவா? கல்லைப் போல அடியில் போகும். மேலே வந்தால் நைலான், கீழே போனால் ஃப்ளூரோகார்பன். நடுவில் பேச்சே இல்லை. மேல்பூச்சு மட்டும் பூசிய அந்தப் பளபளப்பான நரம்பு? ஏறக்குறைய முழுக்க நைலான் என்பதால் அதுவும் மேலே வந்து மிதக்கும், தன் அட்டைப்பெட்டியைக் காட்டிக்கொடுத்துவிடும். பாலியெஸ்டரும் உப்புத் தண்ணீரில் மூழ்கத்தான் செய்யும். ஆனால் அது கண்ணாடி போல இருக்காது, முறுக்கிய நூலாக வரும். விரலில் திருகும்போதே அதைப் பிரித்துவிடலாம்.

ஃப்ளூரோகார்பன் நரம்பை ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பெருமையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. ஒளி வளையும் அளவு தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53. தண்ணீருக்கு எவ்வளவு நெருங்கி இருக்கிறதோ அவ்வளவு மறையும். நெருங்கியிருக்கிறது, உண்மை. முழுக்க மறைகிறதா? இல்லை. அதைவிட முக்கியமான கேள்வி: நம் தண்ணீரில் அதற்கு என்ன வேலை? ஐப்பசி கார்த்திகையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து ஏரியில் கொட்டும்போது, ஒரு சாண் ஆழத்தில் கைவிரலே தெரியாது. அங்கே கண்ணுக்குத் தெரியாத நரம்புக்கு நாலு மடங்கு காசு கொடுப்பது, அமாவாசை இரவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது மாதிரி. சிப்பி ஒட்டிய பாறையிலும் மரக்காலிலும் உரசும் இடத்தில் அதன் கடினத்தோல் கைகொடுக்கும். அதற்காக ஒரு பாகம் நுனியில் கட்டினால் அது செலவுக்குத் தகுந்த வேலை. நைலான் தண்ணீர் குடிக்கும்; ஊறிய நைலான் தன் பலத்தில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழக்கும். ஃப்ளூரோகார்பன் தண்ணீரே குடிக்காது; ராத்திரி முழுக்கக் கிடந்தாலும் காலையில் அதே விறைப்பு. இந்த விறைப்பையும் ஒரு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

இனி பின்னல் இழை. கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் அதற்குப் போக வேண்டும், பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டம் வழியாக.

ஒல்லாந்தர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். எதற்கு வந்தார்கள்? நூலுக்கு. இந்தக் கரையின் பருத்தி நூலில் நெய்த துணிக்கு. 'பளையகாட்' லுங்கி என்று உலகத்துக் கடைகளில் இன்றும் விற்கும் பெயருக்குள் பழவேற்காடுதான் ஒளிந்திருக்கிறது. இங்கிருந்து நூல் அங்கே போனது. மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1979 வாக்கில், அதே நெதர்லாந்தில் டி.எஸ்.எம். நிறுவன ஆய்வுக்கூடத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் பாலியெத்திலீனைக் கூழாக்கி இழையாக இழுக்கும் வித்தையைப் பிடித்தார்கள். நீண்ட மூலக்கூறுகளை ஒரே திசையில் வகிடெடுத்துப் படியவைப்பது போன்ற வேலை. அதுதான் டைனீமா. கயிறாயிற்று, குண்டு துளைக்காத உடுப்பாயிற்று, நாலு புரி எட்டுப் புரியாகப் பின்னித் தூண்டில் நரம்புமாயிற்று. இன்றைக்குப் பூண்டி நீர்த்தேக்கத்தின் ஓரத்திலும் ஏரிக்கரைகளிலும் ஞாயிற்றுக்கிழமை ரப்பர் தவளையைக் கட்டி விரால் பிடிக்க நிற்கும் இளைஞர்கள் கையில் இருப்பது இந்தக் குடும்பத்து இழை. நூல் திரும்பி வந்துவிட்டது.

விராலுக்கு ஏன் அது? விரால் நிற்பது அல்லிக்கொடிக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவில். கடித்த அடுத்த நொடியே அதைக் கொடியைவிட்டு வெளியே இழுக்காவிட்டால் மீனும் போச்சு, தவளையும் போச்சு. நைலான் நரம்பு ஜவ்வாக நீளும். ஒரு மீட்டர் நைலானை இழுத்துப் பாருங்கள், அறுவதற்குள் ஒரு சாண் அளவுக்கு நீண்டுவிடும். பின்னல் இழை நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் கொடுக்காது. இங்கே சுண்டினால் அங்கே முள் ஏறும். இந்த இழுவைச் சோதனையே ஒரு அடையாளம். நீள்கிறதா, நைலான் பக்கம். நீளாமல் கையை அறுக்கிறதா, பின்னல். ஃப்ளூரோகார்பன் நீளவே நீளாது என்று கடைகளில் ஒரு பேச்சு உண்டு. அது வெறும் பேச்சு. அதுவும் நீளும், அளவுக்கு மேல் இழுத்தால் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும்.

கையை அறுக்கும் என்பது சும்மா சொன்னதல்ல. மீன் இழுக்கும்போது பின்னல் இழையை வெறும் விரலில் சுற்றிக்கொண்டு நின்றால் தையல் போட வேண்டியிருக்கும். கைத்தூண்டில்காரர்கள் சைக்கிள் டியூபை வெட்டி விரலில் மாட்டிக்கொள்வதில் காரணம் இருக்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு மாஞ்சா நூலைப் பற்றி விளக்கவே வேண்டாம். காற்றாடிக்கு நைலான் நூலைக் கட்டி, அது பைக்கில் போகிறவர் கழுத்தை அறுத்த செய்திகள் எத்தனை வந்தன? 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. தூண்டிலில் கட்டினால் பிழைப்பு, பட்டத்தில் கட்டினால் குற்றம்.

அப்படியென்றால் பின்னல் இழைதான் எல்லாவற்றுக்கும் ராஜாவா? கொடுவாவிடம் கேளுங்கள். அதன் செவுள் மூடியின் ஓரம் சவரக்கத்தி. மெல்லிய பின்னல் இழை அதில் ஒருமுறை பட்டால் போதும். அதனால்தான் முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு நிற்கிறவர்கள் சுருளில் பின்னல் இழையை வைத்திருந்தாலும், கடைசி ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ தடித்த ஒற்றை நரம்பைக் கட்டுகிறார்கள். கட்டும் இடத்திலும் ஒரு வித்தியாசம் வெளிப்படும். நைலானில் போடும் சாதாரண முடிச்சைப் பின்னல் இழையில் போட்டால், அது மெழுகுபோல வழுக்கிக் கழன்றுவிடும். எந்த நரம்பானாலும் இறுக்குவதற்கு முன்னால் முடிச்சை வாயில் வைத்து ஈரப்படுத்துகிறார்களே, அது பழக்கதோஷமல்ல. உலர்ந்த நரம்பை இறுக்கும்போது உரசலில் சூடு கிளம்பும், அந்த இடத்திலேயே நரம்பு பலவீனமாகும்.

இப்போது பின்வரிசைத் தம்பிகளுக்கு. நீங்கள் நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கும் மைக்ரோமீட்டர் மிக நல்ல மீன்பிடிக் கருவி என்று யாராவது சொன்னதுண்டா?

நரம்பின் அட்டையில் ஒரு எண் இருக்கும். நம் கடைகளில் '40 நம்பர்' என்றால் 0.40 மில்லிமீட்டர் கனம். ஜப்பான் கணக்கில் வரும் சுருளில் '4 நம்பர்' என்று இருந்தால் அது 0.33 மில்லிமீட்டர். அங்கே 1 நம்பர் 0.165, 4 நம்பர் அதைப்போல இரண்டு மடங்கு கனம், நாலு மடங்கு பரப்பு. ஒரே சொல், இரண்டு கணக்கு. இது போதாதென்று பவுண்டு என்றும் கிலோ என்றும் தாங்கும் எடையைப் போட்டிருப்பார்கள். மெல்லிய நரம்பு, பெரிய எடை என்று போட்டால்தானே விற்கும்? 0.35 என்று எழுதி 0.40-ஐ உள்ளே சுற்றினால், அது கூடுதல் எடையைத் தாங்கத்தான் செய்யும். வாங்கியவரும் ஆஹா என்பார். நரம்பை மைக்ரோமீட்டரின் தாடைக்குள் வைத்து, ராட்செட் ஒரு கிளிக் போடும் வரை மட்டும் மெதுவாகத் திருகுங்கள். அழுத்தினால் நரம்பு தட்டையாகிவிடும். நாலு இடத்தில் அளந்தால் அட்டையின் குட்டு உடையும்.

அதோடு நிறுத்த வேண்டாம். கனம் தெரிந்துவிட்டால் எடையும் பேசத் தொடங்கும். 0.40 கனத்தில் 100 மீட்டர் நைலான் ஏறத்தாழ 14 கிராம் இருக்கும். அதே கனம், அதே நீளம், ஃப்ளூரோகார்பன் என்றால் 22 கிராம். காலிச் சுருளின் எடையைக் கழித்துவிட்டு, நகைக்கடைத் தராசிலோ மளிகைக்கடை டிஜிட்டல் தராசிலோ வைத்தால், 22 என்று நிற்க வேண்டிய இடத்தில் 14 என்று நிற்கும்போது வேறு சாட்சி எதற்கு? சில சமயம் 12 என்று நிற்கும். அப்போது பொருளும் மாறியிருக்கிறது, நீளமும் குறைந்திருக்கிறது.

எடைக்கணக்கில் இன்னொரு வேடிக்கை. வலை நூலை 210/2/3 என்று கேட்டு வாங்குகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். 210 என்பது டினியர். 9,000 மீட்டர் இழை 210 கிராம் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இழையில் இரண்டு சேர்த்து ஒரு புரி, மூன்று புரி சேர்த்து ஒரு நூல். ஆக ஆறு, 1,260 டினியர். 100 மீட்டருக்கு 14 கிராம். நம் 40 நம்பர் நரம்பும் 14 கிராம்! வெள்ளை வெளேரென்று, மெத்தென்று, முடிச்சில் அடங்கிப்போகும் அந்த நூலிலும், கண்ணாடியாய் விறைத்து நிற்கும் இந்த நரம்பிலும் ஒரு மீட்டருக்குள் இருக்கும் நைலான் ஒரே அளவு. மீனுக்கு மட்டும் இரண்டும் ஒன்றல்ல. நூல் வலை அதன் கண்ணில் படும். நரம்பு வலை படாது.

படாமல் இருப்பதால்தான் அது அதிகம் பிடிக்கிறது. அதனாலேயே இலங்கை அரசு 2006-ல் தங்கூசி வலையைத் தடை செய்தது. கிழிந்தால் பழுதுபார்க்க மெனக்கெடாமல் விட்டுவிடுவதும், விட்ட வலை கடலுக்கடியில் யாருக்கும் உதவாமல் மீனைக் கொன்றுகொண்டே இருப்பதும் அந்தத் தடைக்குப் பின்னால் இருக்கும் கவலைகள். அங்கே ஒரு பரிசோதகர் வலையைக் கையில் எடுத்து முனையைத் திருகிப் பார்ப்பது வெறும் ஆர்வத்தினால் அல்ல. அது பிரிந்தால் வலைக்காரர் வீட்டுக்குப் போகலாம், பிரியாவிட்டால் வழக்கு.

மிச்சம் இருப்பது நெருப்பு. இதில் நிபுணர் யார்? பேராசிரியர் அல்ல, காயலான் கடைக்காரர். பழைய வலையைக் கொண்டுபோய்க் கொட்டினால் அவர் ஒரு இழையை உருவி, தீக்குச்சியைக் கிழித்துக் காட்டி, மூக்கைச் சுளித்து, "இது நைலான், அது பாலித்தீன், பிரிச்சுப் போடுங்க" என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். நைலானுக்கு ஒரு விலை, பாலித்தீனுக்கு ஒரு விலை. கலந்து உருக்கினால் எதற்கும் ஆகாது. பாலித்தீன் மெழுகுவத்தி மாதிரி எரியும், அணைத்தால் மெழுகுவத்தி வாசனையே வரும். நைலான் நெருப்பைக் கண்டதும் சுருங்கி, உருகி, உருண்டையாகி, ஆறியதும் கல்மணியாக இறுகும். அதன் வாசனையைச் செலரித் தண்டு வாசனை என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. செலரியைக் கண்ணால் பார்த்திராத ஊரில் அது எதற்கு உதவும்? மெழுகு வாசனை வருகிறதா இல்லையா என்று பார்த்தாலே போதும். பாலியெஸ்டர் கறுப்புப் புகை கக்கும். பட்டாக இருந்தால் தலைமயிர் பொசுங்கிய நாற்றம். பருத்தியானால் காகிதம் எரிந்த சாம்பல்.

ஆனால் ஒன்று. ஃப்ளூரோகார்பனை மட்டும் யாரும் கொளுத்திவிடாதீர்கள். அது தானாக எரியாது, தீயை விலக்கினால் அணைந்துவிடும். ஆனால் சூட்டில் வெளிவருவது ஹைட்ரஜன் ஃப்ளூரைடு, நுரையீரலை அரிக்கும் நச்சு. எது ஃப்ளூரோகார்பன் என்று தெரியாமல் எப்படிக் கொளுத்தாமல் இருப்பது? அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் நல்ல தண்ணீர். பிறகு உப்புத் தண்ணீர். அதில் மேலே வந்ததை மட்டும் நெருப்புக்குக் கொண்டுபோங்கள். கீழே போனதைத் தீக்குச்சி பக்கமே காட்ட வேண்டாம்.

பழைய நரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் கிடந்த நைலான் பால்நிறமாக மங்கும், நகத்தால் சுரண்டினால் பொடி உதிரும், மடித்தால் ஒடியும். அது செத்த நரம்பு. பச்சைப் பின்னல் இழை வெளுத்துப் போவதைப் பார்த்து அதுவும் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள், அவசரம். பாலியெத்திலீன் சாயத்தைப் பிடித்துக்கொள்ளாது, சாயம் மேலோடு போகிறது, அவ்வளவுதான். ஆனால் பஞ்சு பஞ்சாகச் சிலிர்த்திருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். மாற்றும்போது வெட்டிய துண்டைக் கரையில் விட்டெறியாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்க வருகிறவர்கள் தூரத்துக் கண்ணாடியில் பார்ப்பது அதன் நீண்ட கால்களை. அந்தக் காலில் சுற்றிய நரம்பைப் பறவையால் வாயில் கடித்து அறுக்க முடியாது.

மேடைக்குக் கீழே இடதுபக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறது. அதில் இரண்டு டம்ளர், கல்லுப்பு, சோப்பு, கத்தரிக்கோல், சிறு தராசு எல்லாம் இருக்கின்றன. பெயர்ச்சீட்டு கிழித்த ஆறு சுருள்களும் இருக்கின்றன; எது எது என்று வந்து கண்டுபிடிக்கலாம். மைக்ரோமீட்டரைப் பையில் வைத்திருக்கும் தம்பி யாராவது இருந்தால் முன்னால் வரவும். தீப்பெட்டி மண்டபத்துக்கு வெளியே, வாசல் வேப்பமரத்தடியில் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் மிதந்த துண்டோடு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறது.